சிமியோனின் ஒருசந்தி

குருநகர்ச் சந்தையில் லூர்த்தம்மாவை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. செவுளைப் புரட்டிப் பார்க்காமல் மீனைத் தொடமாட்டாள். தராசுத் தட்டின் அடியையும் தடவிப் பார்ப்பாள். வானத்திலிருந்து சம்மனசு இறங்கி வந்து நின்றாலும் அடையாள அட்டை கேட்கிற மனுசி.

அப்படிப்பட்டவளின் புருசன் சிமியோன், தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து ஒருசந்தி இருக்கத் தொடங்கினான். மற்ற வருசங்களில் பெரிய வெள்ளியன்றுகூட ஒளித்து மீன்பொரியல் தின்றவன், இப்போது ஒரு நேரம்தான் சாப்பிட்டான், அதுவும் கஞ்சி. ஏதோ பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறான் என்று லூர்த்தம்மா முடிவுகட்டினாள். இந்த வயதில் பாவமென்றால் பொம்பிளைதான், வேறென்ன?

சட்டைப் பையைத் துழாவினாள், போனை நோண்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சாரம் அவன் இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆசை பிடித்தால் ஆள் மெலியுமாம் என்று அதையும் குற்றக்கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

உயிர்த்த ஞாயிறன்று ஒருசந்தி முடிந்தது. ஆட்டிறைச்சிக் கறியை அவன் தொடவேயில்லை. அடுத்த நாள் விடிய, போட்டுவாறன் என்று இறங்கியவனுக்குப் பின்னால் அவளும் போனாள். இறங்குதுறைப் பக்கம் அப்பம் சுடுகிற றஜனியின் கடைக்குள் அவன் நுழைந்தபோது லூர்த்தம்மா வசவுகளை அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

உள்ளே சிமியோன் பாலில் கரைத்த அப்பத்தைக் கரண்டியால் வாயில் விட்டு, கண்ணை மூடி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். இறங்கவில்லை. வெளியே வந்துவிட்டது. கொண்டுபோன வசவெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அக்கா, இஞ்சை வந்து சாப்பிடேக்கை உவருக்கு முதல் சோறு இறங்கேல்லை, பிறகு பாண் இறங்கேல்லை, இப்ப பாலும் நிக்குது," என்றாள் றஜனி. "மீன்முள்ளு குத்தினதெண்டு சொல்லுறார். மார்கழி நத்தாரிலையிருந்து ஒரு முள்ளு நிக்குமே?"

ஆஸ்பத்திரியில் வாய்வழியே கமரா விட்டு, சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள், ஸ்கானும் எடுத்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். லூர்த்தம்மா டொக்டரையும் நம்பவில்லை. வேறு ஆளின் சோதனை மாறி வந்திருக்கும் என்றாள், ஸ்கான் படத்திலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவர் கோபிக்காமல் விளங்கப்படுத்தினார். முதலாம் கட்டமென்றால் நோய் குழாய்ச் சுவரோடு நிற்கும். இவருக்கு மூன்றாம் கட்டம், பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டது, ஈரலுக்குப் போகவில்லை. முதலில் மருந்தேற்றி, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்துச் சுருக்கவேண்டும், பிறகு ஒப்பரேசன். வெற்றிலை புகையிலையை இன்றோடு விடவேண்டும். சோறு நெஞ்சில் விக்கத் தொடங்கிய நேரமே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார். குணமாகுமா என்று கேட்டாள். பார்ப்பம் என்றார்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள்.

"எனக்குச் சொல்லாமல் அவளுக்கேன் சொன்னனீங்கள்?"

"அவளுக்கும் நானாச் சொல்லேல்லை. நான் சாப்பிடேக்கை அவள் பாத்துக்கொண்டிருந்தவள்."

நாற்பது நாளாய் அவனை உளவு பார்த்தவள், ஒரு நாளாவது அவன் சாப்பிடும்போது முன்னால் இருக்கவில்லை. லூர்த்தம்மாவுக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது.