முடிச்சூர் முதல் பொத்தேரி வரை: முன்னால் வராத டிரைவர் சீட்டோடு ஒரு நாள்

இந்தப் பக்கத்தில் நான் கடைசியாக எழுதியது வேடந்தாங்கல் போய் வந்ததைப் பற்றி. அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். நெஞ்சுவலி. கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புருசன் மவுத்தானால் எங்களில் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், இத்தா என்போம். அது முடிந்ததும் வந்த சனிக்கிழமை நான் போன முதல் பயணம் இது. மொத்தமே ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. ஊர் பார்க்கப் போகவில்லை. எங்கள் காரில் டிரைவர் சீட் நகரவில்லை, அதைச் சரிபண்ணப் போனோம். பட்டன் சீட் வைத்த பழைய கார் வாங்கியவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். போனில் தேடினால் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள், எனக்குப் புரியவில்லை.

பட்டன் சீட் என்றால், சீட்டின் ஓரத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் அடியில் இருக்கும் மோட்டார் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும். அவர் ஆறடி. நான் ஐந்தடிக்கும் குறைவு. எப்போதாவது நான் காரை எடுத்துவிட்டு சீட்டை முன்னாலேயே விட்டுவிடுவேன். மறுநாள் அவர் ஏறும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். "யாரு இங்க எல்கேஜி புள்ளைய உட்கார வெச்சது?" என்று வாசலில் இருந்தே கத்துவார். பிறகு சீட் உர்ரென்று பின்னால் போகும் சத்தம் சமையல்கட்டு வரை கேட்கும். இத்தாவில் இருந்தபோது நான் அதிகம் தேடியது அந்தச் சத்தத்தைத்தான்.

அவர் கடைசியாக இறங்கியபோது சீட் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் வரவில்லை. உட்கார்ந்தால் என் கால் பிரேக்கைத் தொடவில்லை.

என் அண்ணன் காதர் சேலையூரில் இருக்கிறார். "வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற நூரு? விலை போறப்பவே குடுத்துடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கரை வரச் சொல்லியும் விட்டார். எனக்குக் கார் எதற்கு என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் சொன்னேன். எங்கள் ஜமாத்தில் பெண்கள், அவரை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. வெளியே சுவரோரம் ஒரு பொம்பளை நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், என்னம்மா என்று கேட்பார்கள். காரில் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதுவும் யாரையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சாமல், நானே ஓட்டிக்கொண்டு போய்.

"சரி. சனிக்கிழமை ஒரு நாள் பார்ப்போம். சீட் நகர்ந்தா கார் உனக்கு. நகரலைன்னா புரோக்கருக்கு" என்றார் அண்ணன். அவர் உயரம், அந்த சீட்டிலேயே ஓட்டுவார். அதனால் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காலை ஒன்பதரைக்கு முடிச்சூரிலிருந்து கிளம்பினோம். பல மாதம் நின்ற வண்டி என்பதால் முந்தின நாளே பேட்டரியை சார்ஜ் போட்டு வாங்கியிருந்தார் அண்ணன். பேட்டரி இறங்கினாலும் சீட் நகராதாம். சார்ஜ் போட்டும் நகரவில்லை.

முதலில் பெருங்களத்தூர், ஐந்து கிலோமீட்டர். மேம்பாலம் வந்த பிறகும் அந்த இடத்தில் வண்டி நிற்கத்தான் செய்கிறது. என் வீட்டுக்காரருக்கு அந்த இடம் ராசி. கார் சீட் தைக்கும் குஷன் கடைகளுக்கு ரெக்சினும் ஸ்பாஞ்சும் போடுவதுதான் அவர் தொழில். செங்கல்பட்டு வரை போய்விட்டுத் திரும்புவார். நோன்பு மாதம் பூராவும், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு அவருக்குப் பெருங்களத்தூர் நெரிசலில்தான். அதனால் ஒரு சின்ன டப்பாவில் பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்புவேன். வண்டியிலேயே நோன்பு திறப்பார். டப்பா காலியாக வரும். "கொட்டை எங்க மச்சான்? டப்பாவுலயே போட்டு எடுத்துட்டு வரக் கூடாதா?" என்பேன். "ரோட்டு நடுவுல அரளிச் செடிக்குள்ள போட்டுட்டேன். பாத்துக்கிட்டே இரு, பெருங்களத்தூர்ல பேரீச்ச மரம் வரும். நிழல்ல உட்கார்ந்து நோன்பு திறப்போம்" என்பார். ஒவ்வொரு வருசமும் இதே பதில்தான்.

அங்கே இருந்த கார் ஒர்க்ஷாப்பில் ஒருவர் பட்டனை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "மோட்டார் போச்சும்மா. புதுசு வரவழைக்கணும். பதினெட்டாயிரம் ஆவும், பத்து நாளாவது புடிக்கும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே காரை விற்றுவிட்டார்.

"இன்னொரு இடம் கேட்போம்ணே. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல" என்றேன்.

அங்கிருந்து தாம்பரம் மேற்கு, இன்னும் நாலரை கிலோமீட்டர். மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. பார்க்கிங் இருபது ரூபாய். நாங்கள் உள்ளே விட்டு முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்வம் கடை. அவர் சீட்டைத் தொடவே இல்லை, அண்ணனைப் பட்டனை அழுத்தச் சொல்லிக் குனிந்து காதை வைத்தார்.

"இன்னாக்கா, மோட்டார் பூட்ச்சுன்னு சொன்னாங்களா? நீயே கேளு. உர்ருன்னு சவுண்டு கீதா இல்லியா?"

"இருக்கு."

"செத்தவன் உர்ருன்னுவானா?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முறைத்ததையும் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, சாரிக்கா" என்றார். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. செல்வத்துக்கு என் வீட்டுக்காரரைக் கொஞ்சம் தெரியும். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

செல்வம் பியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. சீட்டுக்கு அடியில் ஒயர் சேரும் இடத்தில் டெஸ்ட் லைட்டை வைத்தார், எரிந்தது. "கரண்ட் போவுது. மோட்டாரும் தள்ளுது. எதுவோ குறுக்க புடிச்சிக்கினு கீது. சீட்ட கழட்டணும்க்கா. நான் கழட்டி லெதர் கிழிஞ்சா பேஜாரு. குஷன் கடைக்கு இட்டுக்கினு போ." முந்நூறு ரூபாய் வாங்கினார்.

குஷன் கடை என்றதும் நான் பொத்தேரி என்றேன். பதினாறு கிலோமீட்டர்.

"ஏன், தாம்பரத்துல குஷன் கடையே இல்லையா?" என்றார் அண்ணன்.

"இருக்கு. அவரு சனிக்கிழமை கடைசியா போறது பொத்தேரி ஸ்டீபன் கடைக்கு. நான் பாத்ததே இல்லை."

அண்ணன் வண்டியை எடுத்தார். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மணிக்குப் பொத்தேரி. அதுவரை டோல் கிடையாது. காலேஜ் பிள்ளைகள் நிறைய இருப்பதால் சாப்பாடு மலிவு. வெஜிடபிள் பிரியாணி எண்பது ரூபாய்க்கு வயிறு நிறையக் கிடைக்கிறது. ஸ்டீபன் கடை உள் தெருவில். காரைப் பார்த்ததும் "பாய்!" என்று ஸ்டூலை விட்டு எழுந்தார். இறங்கியது அண்ணன் என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மவுத்தான செய்தி அவருக்குத் தெரியும். கார் வந்து நின்ற ஒரு நிமிசம் மறந்துபோயிருக்கிறார். அந்த ஒரு நிமிசம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

ஸ்டீபன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சீட்டை நாலு போல்ட் பிடித்திருக்கிறது. பின்னால் உள்ள ரெண்டு போல்ட் தெரிய வேண்டுமானால் சீட் முன்னால் வர வேண்டும்.

"முன்னாடி வரணும்னா கழட்டணும். கழட்டணும்னா முன்னாடி வரணும். எப்படியிருக்கு பாருங்க சார்" என்றார் அண்ணனிடம்.

"எங்க வீட்டு ரேஷன் கார்டு கதை மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக் மேடைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதற்குள்தான் சீட் ஓடும் ஒரு பக்கத்துத் தண்டவாளம். ஸ்டீபன் கை போகவில்லை. அண்ணன் கை மணிக்கட்டோடு நின்றது. நான் விட்டுப் பார்த்தேன். இத்தாவுக்குக் கழற்றிய வளையலை இன்னும் போடவில்லை, அதனால் முழங்கை வரை போயிற்று. விரலில் தூசி, ஒரு பேனா மூடி, சில்லறை. அதற்கும் அடியில் தண்டவாளத்துக்குள் கடினமாக ஒன்று. ஸ்டீபன் கொடுத்த கம்பியால் நெம்பி வெளியே எடுத்தேன்.

பேரீச்சங்கொட்டை.

இன்னும் ஒன்று வந்தது. இன்னும் ஒன்று. எல்லாம் காய்ந்து, நடுவில் கோடு விழுந்த கொட்டைகள். ஒன்று மட்டும் இரும்பு கடித்து நசுங்கியிருந்தது.

"அதான் பாய் கார்ல எறும்பு எறும்புன்னு புலம்பிக்கிட்டே இருப்பாரு" என்றார் ஸ்டீபன்.

பாங்கு சொன்னதும் அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையை ஹேண்ட்பிரேக் பக்கத்துத் தட்டில் வைத்திருப்பார், வீட்டுக்கு எடுத்து வரத்தான். பிரேக் போட்டதும் உருண்டிருக்கும். வீட்டுக்கு வந்தால் நான் கேட்பேன், தட்டில் இருக்காது. அதைச் சமாளிக்கத்தான் அந்தப் பேரீச்ச மரம்.

"பட்டனை அமுக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாம். நான்" என்றேன்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடி அவர் உயரத்துக்கு இருந்தது, எனக்கு அதில் கூரைதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் சாய்ந்து சாய்ந்து அமுங்கிய பள்ளம். ஸ்டீபனும் அண்ணனும் வெளியே நின்றார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. பிஸ்மில்லா சொல்லி அழுத்தினேன். உர்ரென்றது. சமையல்கட்டில் இருந்து கேட்ட அதே சத்தம். அது அவரைப் பின்னால் கொண்டுபோகும் சத்தம், இப்போது என்னை முன்னால் கொண்டுபோனது. பாதி வழியில் விரலை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினேன். கால் பிரேக்கைத் தொட்டது.

ஸ்டீபன் காசு வாங்கவில்லை. அண்ணன் வெளியே போய் போன் பேசினார். "இல்லப்பா, வண்டி குடுக்கல. ஆமா, குடுக்கல" என்று கேட்டது. பிறகு பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மெதுவா ஓட்டு, எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு" என்றார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் திரும்பினால் முடிச்சூருக்குச் சீக்கிரம் போய்விடலாம், நெரிசலும் குறைவு. நான் திரும்பவில்லை. நேராகப் பெருங்களத்தூர் வந்து, தாம்பரம் பக்கம் கபர்ஸ்தான் சுவரோரம் நிறுத்தினேன். அண்ணன் டீ குடிக்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாயங்காலம் அஸர் பாங்கு வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் சீட்டும் நகரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு பியூஸ். பட்டனை அழுத்தும்போது உர்ரென்று சத்தம் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, புதிது வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சந்துக்குள் கையை விடும்போது காரை ஆஃப் செய்துவிடுங்கள், யாரையும் பட்டனைத் தொடவிடாதீர்கள். அடியில் மஞ்சள் நிற ஒயர் இருந்தால் அது ஏர்பேக்குக்குப் போவது, இழுக்கக் கூடாது என்று ஸ்டீபன் சொன்னார்.

கிடைத்த கொட்டைகளைக் கழுவி அந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கைப்பிடிகூட இல்லை. இத்தனை வருச நோன்புக்கு அது போதாது. மிச்சம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. செங்கல்பட்டுப் பக்கமிருந்து சாயங்காலம் வருகிறவர்கள் பெருங்களத்தூரில் எப்படியும் நிற்க வேண்டிவரும். நின்றால் வலது பக்கம், ரோட்டு நடுவில் இருக்கும் அரளிக்குள் கொஞ்சம் பாருங்கள். நான் பார்த்தபோது எதுவும் இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது, சரியாகப் பார்க்க முடியவில்லை.