விரதம் இருந்த ஜெர்சி மாடு

பால் சொசைட்டி திறப்பு விழாவுக்கு வந்திருந்த அதிகாரி, வளரும் நாட்டின் பொருளாதாரத்துக்குக் கால்நடைதான் முதுகெலும்பு என்று பேசினார். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றாமலே வெகுநேரம் பேசினார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டு, முதுகெலும்பு நாட்டுக்கு இருக்கட்டும், வால் என் வீட்டு நடையில் அல்லவா ஆடப்போகிறது என்று கடுப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் ஒரு ஜெர்சி கலப்புப் பசு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஏற்பாடு என் மனைவியுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறி. என் வீட்டில் கூடத்தில் தறி, அதற்குப் பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஓலை வேய்ந்த கொல்லை. கொல்லைக்குச் சந்து வழி கிடையாது. மாடு என்றால் வாசல் வழியாக வந்து, கூடத்தைத் தாண்டி, தறியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டு நூல் பாவு பக்கத்தில் ஈரக்கையோடு வந்தாலே கத்துகிறவன் நான். அதனால் மாடு உள்ளே வரும்போதும் போகும்போதும் தறிமேல் ஜமக்காளத்தைப் போர்த்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பேன். மாடு என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போகும். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி பிறந்தது திருமுக்கூடல் பக்கம். அவள் அப்பா வீட்டிலும் தறிதான், ஆனால் பின்னால் எப்போதும் ஒரு மாடு நிற்கும். "பட்டுப்புடவை கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் வாங்குவாங்க. காப்பி தினம் குடிப்பாங்க" என்பது அவளுடைய கட்சி. இதைத்தான் அந்த அதிகாரி அவ்வளவு நேரம் இழுத்தார் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. அவள் தன் காதுத் தோட்டைக் கொடுத்துத்தான் மாட்டைப் பிடித்தாள். காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தாள். மாடு சரிப்படாவிட்டால் போனது மாடு மட்டுமல்ல என்று தெருவுக்கே தெரியும். என் அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வந்த புதிதில் கன்று செத்துப்போனது. தோலில் வைக்கோலை அடைத்துப் பக்கத்தில் நிறுத்தினால்தான் மாடு ஏமாந்து பால் விடும் என்றார்கள். "அத்த ஏமாத்தி வாங்குற பால் எனக்கு வேணாம்பா" என்று என் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் எல்லோரும் பயந்ததுபோல மாடு பாலை அடக்கவில்லை. காலையில் நான் தறியில் உட்காரும் நேரம் அவள் கொல்லையில் செம்போடு உட்காருவாள். செம்பு நிறைந்துவிடும். மத்தியானமும் அப்படியே. தங்கமான மாடு என்று சொசைட்டிக்காரரே சொன்னார். சாணியைக்கூட எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிக்கக் கேட்டு வாங்கிப் போவாள்.

சிக்கல் முதலில் வந்தது ஓர் அமாவாசை அன்று. அமாவாசைக்கு எந்த நெசவாளியும் தறியைத் தொட மாட்டான். நான் தலை முழுகிவிட்டுத் திண்டில் சாய்ந்து கிடந்தேன். கொல்லையிலிருந்து என் மனைவி வெறும் செம்போடு வந்தாள். அடியில் கொஞ்சம் பால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சுன்னு தெரில. காலத் தூக்குது, மடியில கைய வெச்சா மொறைக்குது."

கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றினாள். மறுநாள் பழையபடி செம்பு நிறைந்தது. மிளகாய்க்குப் பேர் கிடைத்தது. ஆனால் அடுத்த அமாவாசைக்கும் பால் இல்லை. அப்போது மிளகாயும் வேலை செய்யவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, மாட்டைத் தட்டிப் பார்த்து, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

கண்டுபிடித்தது எதிர்வீட்டு அக்காதான். "அடிப் பைத்தியக்காரி, அது அமாவாசை விரதம் இருக்குதும்மா!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோயில் ஊரில் இப்படி ஒரு செய்தியைக் கையால் அடக்க முடியுமா? மூன்றாவது அமாவாசைக்குப் பெண்கள் மஞ்சள், குங்குமம், அகத்திக்கீரை, வாழைப்பழத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். கூடத்தில் என் தறியைச் சுற்றி வந்து கொல்லைக்குப் போனார்கள். நான் ஜமக்காளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏகாம்பரநாதர் கோயில் தேர் அன்றும் அது பால் தரவில்லை. கருட சேவை அன்றும் தரவில்லை. சிவன் பக்கமா பெருமாள் பக்கமா என்று சண்டை போட்டுக்கொள்ள வந்தவர்கள், இரண்டுக்கும் பொதுவான மாடு என்று சமாதானமாகப் போனார்கள். அந்த நாளிலெல்லாம் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அது நின்றாலும் எங்கள் காதுக்குத் தெரியாது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு பட்டு நூல் வரத்து நின்றுவிட்டது. நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளிகள் கையை விரித்தார்கள். என் தறியில் இருந்த பாவு நெய்து அறுத்ததும் அடுத்த பாவு வரவில்லை. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. அத்தோடு மாட்டின் பாலும் நின்றது.

"விரதத்த கடுமையாக்கிக்கினு இருக்குது" என்று எதிர்வீட்டு அக்கா பயபக்தியோடு சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூலியும் இல்லை, பாலும் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரியும் கூழ். அரிசி டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். என் அம்மா வாயைத் திறக்காமலே மருமகளின் காதைப் பார்ப்பாள். கடைசியில் மாட்டை விற்றுவிடுவது என்று நானே முடிவு செய்தேன். என் மனைவி மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

தென்னேரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மாட்டைக் கறந்து பார்க்காமல் வாங்கும் வழக்கம் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே செம்போடு உட்கார்ந்தார். மாடு காலைத் தூக்கியது. தடவினார், தட்டினார், பாட்டு மாதிரி ஏதோ முனகினார்.

"மடி நல்லாத்தான் இருக்குது. பால் எங்க?" என்றார்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கூடத்துக்கு வந்து, போக்கிடம் இல்லாமல் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தேன். காலியாகக் கிடந்த தறி. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபத்தில் மிதியை மிதித்து, நூலை நெருக்கும் பலகையை இழுத்துப் பலமாக அடித்தேன். மறுபடியும் அடித்தேன். கொல்லையில் செம்புக்குள் சர் சர் என்று பால் விழுகிற சத்தம் கேட்டது.

"வந்துக்கினு இருக்குது! வந்துக்கினு இருக்குது!" என்று தென்னேரிக்காரர் கத்தினார். என்ன இது என்று நான் கையை நிறுத்தினேன். பாலும் நின்றது.

என் மனைவி ஓடிவந்து கூடத்து வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், தறியைப் பார்த்தாள்.

"அடிங்க" என்றாள்.

அடித்தேன். சர் சர்.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். சத்தம் இல்லை.

"இன்னொரு வாட்டி அடிங்க."

கன்று இல்லாத மாடு தறிச் சத்தத்துக்கே பால் விடப் பழகிப்போயிருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. தென்னேரிக்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மீசையை வருடினார். "அண்ணே, மாட்ட ஓட்டிக்கினு போயிடுவேன். தறியயும் உங்களயும் எப்படி ஓட்டிக்கினு போறது?" என்று சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாளிலிருந்து எனக்கு வேலை கிடைத்துவிட்டது. காலையும் மத்தியானமும் காலித் தறியில் உட்கார்ந்து பலகை அடித்தேன். "மெதுவா அடிங்க, மெரளுது" என்றும் "இன்னும் கொஞ்சம், வந்துக்கினே இருக்குது" என்றும் கொல்லையிலிருந்து உத்தரவு வரும். எந்த முதலாளியும் என்னை இப்படி அதட்டியதில்லை. தெருவில் எல்லாத் தறியும் நிற்க என் தறி மட்டும் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, எனக்கு மட்டும் யாரோ ரகசியமாக நூல் கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளையே வேவு பார்க்க வந்துவிட்டார். "யாருக்கு நெய்யறே?" என்று கேட்டார். மாட்டுக்கு என்றேன். ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்து, வெறும் தறியைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நூல் இல்லாத கவலையில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாராம்.

பைத்தியம் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. நான் இத்தனை வருஷம் நெய்த புடவைகளை யார் கட்டினார்கள், பிடித்ததா என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. இங்கே ஓர் அடி அடித்தால் பின்னால் ஒரு பீச்சு பால் விழுவது காதில் கேட்டது. சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தால் வீட்டில் அரிசி வந்தது. என் கைவேலை நேரே சோறாகிறதைக் கேட்கக் கேட்க இன்னும் நாலு அடி கூடவே அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அமாவாசை வந்தது. அமாவாசையில் தறியைத் தொட்டவன் எங்கள் வம்சத்தில் இல்லை. தறி அடிக்கச் சொல்லி என் மனைவி என்னைக் கேட்கவில்லை. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பும் சும்மாதான் இருந்தது. நான் எழுந்து போய்த் தறிக்குழியில் இறங்கினேன். பலகையை இழுத்து அடித்தேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

சத்தம் கேட்டுத் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா அகத்திக்கீரைக் கட்டோடு கூடத்துக்குள்ளேயே வந்து நின்றாள்.

"அடப்பாவி! நல்ல நாளும் அதுவுமா மாட்டோட விரதத்தக் கெடுத்துட்டியேப்பா!"

நான் அடிப்பதை நிறுத்தவில்லை.

"விரதம் இருந்தது மாடு இல்லக்கா, நாங்கதான்" என்றேன்.

அவள் கீரைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என் காலித் தறியைப் பார்த்தாள். அவள் வீட்டுத் தறியும் காலியாகத்தான் கிடந்தது.