பகலில் தூங்க ஒரு வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். கோதண்டம் படுத்துப் பார்ப்பான். காலி வீட்டின் வெறுந்தரையில், கைக்குட்டையை விரித்துத் தலையை வைத்து, அரை மணி நேரம். அதுவும் காலை பத்து மணிக்கு. ஸ்ரீபெரும்புதூர் வீட்டுப் புரோக்கர்களுக்குள் இந்த விஷயம் பரவி, ‘படுக்கிற பார்ட்டி’ என்று அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவனை ஒரு வாரம் நைட் ஷிப்டில் நிற்க வைத்தால் தெரியும் சேதி.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாகப் பிரஸ் மெஷினில் நிற்கிறவன் அவன். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி வாரம் வந்தால் பகலில் தூங்கியாக வேண்டும். அந்தத் தூக்கம்தான் அவனுக்கு வாய்க்கவில்லை.

குடியிருந்தது ஒரகடத்துக்குப் பின்னால், புதிதாகப் போட்ட மனைப்பிரிவில். மூன்று வருஷத்துக்கு முன்பு போனபோது சுற்றிலும் காலி மனை, எல்லைக் கல், முள்செடி. இப்போது இந்தப் பக்கம் ஒரு வீடு எழும்புகிறது, அந்தப் பக்கம் மூன்று மாடி. ராத்திரி ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் அறுக்கும் மெஷினைப் போட்டார்கள் என்றால், சாயங்காலம் வரை பல்லெல்லாம் கூசும். நடுவில் போர் போடுகிற வண்டி வரும். தண்ணி லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டான். கோதண்டம் தலையணைக்குக் கீழே தலையை வைத்துப் படுப்பான், காதில் பஞ்சை அடைப்பான், எழுந்து போய்க் கொத்தனாரிடம் கத்துவான். “ஒரு மணி நேரம் நிறுத்துய்யா, புண்ணியமாப் போவும்” என்றால், “உனக்காக வேலைய நிறுத்தினா எனக்கு எவன் கூலி குடுப்பான்?” என்பார் அவர். நியாயம்தானே.

போன சித்திரையில் ஒரு நாள், விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, மெஷின் முன்னால் நின்றபடியே கோதண்டம் கண் அசந்துவிட்டான். கை உள்ளே போனது. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்ததால் விரல்கள் பிழைத்தன. சூப்பர்வைசர் அய்யாத்துரை, திருநெல்வேலிக்காரர், ஓடி வந்து அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன வே, தூங்குததுக்கு வேற எடமே கெடைக்கலையா உமக்கு? ரெண்டாவது தடவ மெமோ எழுதியாச்சு. மூணாவது எழுதுனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இல்லன்னா கை போயிரும். எது முதல்லன்னு எனக்குத் தெரியாது பாத்துக்கிடும்.”

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினான், டவுனுக்குள் பழைய தெரு ஒன்றில் வீடு பார்ப்பதென்று. பழைய தெருவில் புதிதாகக் கட்ட எவனுக்கும் இடம் இருக்காது. டைல்ஸ் மெஷின் வராது. மனைவி கலைமணிக்கும் அது சரியென்று பட்டது. அவளுக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், பன்னிரண்டாவது படிக்கும் மகள் பிரவீனா பள்ளிக்கு நடந்தே போய் வர வேண்டும். ஷேர் ஆட்டோவில் பிள்ளை பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் பழைய தெருவில் வீடு என்றால் சும்மாவா? ஒரு வீட்டுக்காரர் வாடகையைச் சொல்வதற்கு முன்னால், “உங்க ஆளுங்கல்லாம் எந்தப் பக்கம்?” என்று சுற்றி வளைத்து ஜாதியைக் கேட்டார். இன்னொரு அம்மாள், கறிமீன் சமைக்கக் கூடாது என்றாள். மூன்றாவது ஆள், “ஷிப்ட்டு ஆளா? கண்ட நேரத்துல கேட்டத் தெறக்க முடியாதுப்பா” என்று கதவைச் சாத்தினார். நான்காவது வீடு நன்றாகத்தான் இருந்தது. படுத்துப் பார்த்தான். பத்தே நிமிஷத்தில் எதிர்வீட்டில் இருந்த மாவு மில் ஓட ஆரம்பித்தது.

ஐந்தாவது வீட்டைக் காட்டியவன் வசந்தகுமார் என்கிற புரோக்கர். பழைய பஜாருக்குப் பின்தெரு. இரண்டு ரூம், ஓட்டு வீடு இல்லை, மேலே நல்ல தளம். குழாயில் தினமும் தண்ணீர். பள்ளிக்கூடம் ஏழு நிமிஷ நடை. பக்கத்தில் மருந்துக்கடை, கோயில், டாக்டர். பின்பக்கம் பெரிய குடோன் ஒன்று, ஷட்டர் போட்டுப் பூட்டிக் கிடந்தது.

“அந்த குடோன்ல இன்னா?” என்று கோதண்டம் கேட்டான்.

“பார்சல் குடோன்ணா. பகல்ல எப்பப் பாத்தாலும் பூட்டித்தான் கெடக்கும். ஒரு தொல்லையும் கெடயாது.”

வசந்தகுமார் பொய் சொல்லவில்லை. கோதண்டம் படுத்தான். எங்கோ ஒரு காய்கறி வண்டிக்காரரின் குரல், ஒரு காக்காய், அவ்வளவுதான். கண் விழித்தபோது மணி பன்னிரண்டு. வசந்தகுமார் வாசற்படியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னாண்ணா, இட்டுனு போய் பெட்டுல போடட்டுமா?” என்றான். அந்த இடத்திலேயே கோதண்டம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். கலைமணி மறுநாள் மதியம் வந்து குழாயைத் திறந்து பார்த்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சரி என்றாள்.

பழைய வாடகை ஏழாயிரம். இது பதின்மூன்று. அட்வான்ஸுக்குக் கலைமணியின் வளையல்கள் பாங்குக்கு அடகு போயின. மிச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டதில் ஒரே வழிதான் தெரிந்தது. நைட் ஷிப்டுக்குப் படி உண்டு. மாதம் முழுக்க நைட் என்றால் ஈடு கட்டிவிடலாம். அவன் போய்க் கேட்டதும் அய்யாத்துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். மற்றவர்களுக்கோ கொண்டாட்டம். தங்கள் நைட்டை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் எவன் வேண்டாம் என்பான்?

அதன் பிறகு கோதண்டம் தூங்கினான் ஐயா, அப்படித் தூங்கினான். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். ரெண்டு இட்லி. எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் விழிப்பு. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போனது. “பொண்ணு பாக்கப் போற மாப்ள கணக்கா இருக்கீரே” என்று அய்யாத்துரையே கிண்டல் பண்ணினார். சனிக்கிழமை ராத்திரியும் ஓ.டி. பார்த்தான். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் ராத்திரி தங்குவான். வாடகை கொடுக்கும் போதெல்லாம் வயிறு எரியும். ஆனாலும் விரல் பத்தும் கையில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வான்.

மூன்றாம் மாதம் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பு டீச்சர். பிரவீனா வகுப்பில் தினமும் தூங்கி வழிகிறாளாம். கணக்கில் எண்பதுக்குக் கீழே வாங்காதவள், அரையாண்டுத் தேர்வில் நாற்பத்திரண்டுதான் வாங்கியிருக்கிறாளாம். “ராத்திரி என்ன சார் பண்றா உங்க பொண்ணு?” என்று டீச்சர் கேட்ட கேள்வி கோதண்டத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

சாயங்காலம் அவள் வந்து பையைக் கூட இறக்கவில்லை. அவன் பிடித்துக்கொண்டான்.

“ராத்திரி பூரா செல்போனா? எவன்கூட பேச்சு? அப்பன் நைட்டுக்குப் போய்ட்டான், கேக்க ஆள் இல்லன்னு தைரியமா? உனக்காகத்தானடி நான் நாய் மாதிரி ஒழைக்கிறேன்!”

பிரவீனா போனை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து கலைமணி வந்தாள். அவள் கண்ணைக் கோதண்டம் அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அவனுக்குப் போன கறுப்பெல்லாம் அவளுக்கு வந்திருந்தது.

“அவள எதுக்குத் திட்டுற? ராத்திரி ஒரு மணிக்கு வர்றான் பின்னால லாரிக்காரன். விடிய அஞ்சு வரைக்கும் லோடு எறக்குறானுங்க. தொப்பு தொப்புனு போடுற சத்தம், கத்துற சத்தம், ரிவர்ஸ் எடுக்கும்போது குய்யோ குய்யோன்னு அது வேற. ஜன்னலச் சாத்துனா புழுக்கம், தெறந்தா பொகை. நாங்க ரெண்டு பேரும் இந்த வூட்டுக்கு வந்து ஒரு நாள் தூங்கல. ஞாயித்துக்கெழம மட்டும் குடோனு லீவு. அன்னிக்குத்தான் நீ இருப்ப.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி? உன் கை போயிடும்னு பயந்துதான இங்க வந்தோம்? நீ நிம்மதியாத் தூங்குற. அதக் கெடுக்கவா?” என்றவளுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. “ஊர்ல இருக்கிற வூட்டுல எல்லாம் படுத்துப் பாத்தியே, எங்கள ஒரு ராத்திரி படுக்க வெச்சிப் பாத்தியாய்யா நீ?”

பதினான்கு வருஷமாகப் பகல் தூக்கம் ஒன்றுதான் அவன் கவலை. ராத்திரி தூங்குகிற மனுஷர்களும் வீட்டில் இருக்கிறார்கள் என்பது அவன் மூளையில் ஏறவே இல்லை. அட மடையா, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேராக வீட்டின் பின்பக்கம் போய் அந்த ஷட்டரைப் படபடவென்று தட்டினான். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்ற ஆவேசம். நாலு தட்டுக்குப் பிறகு ஷட்டர் பாதி உயர்ந்தது. லோடுமேன் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டில், மூட்டைகளுக்கு நடுவே, இன்னும் நாலைந்து பேர் அட்டையை விரித்துச் சுருண்டு கிடந்தார்கள்.

“இன்னாண்ணா, ராத்திரி பூரா லோடு எறக்கிட்டு இப்பத்தான் கண்ண மூடுனோம். இப்பிடித் தட்டுறியே, உனக்கே நல்லா கீதா?”

கோதண்டம் தட்டிய கையைக் கீழே இறக்கினான். “பகல்ல எறக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டான்.

“பகல்ல டவுனுக்குள்ள பெரிய லாரிய எவன் வுடுறான்? வுட்டா நாங்க ஏன் ராத்திரில சாவுறோம்?”

“சரி, படு” என்றான் கோதண்டம். சத்தம் வராமல் ஷட்டரை அவனே பிடித்து இறக்கிவிட்டான்.

அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தெரு அமைதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் பிரவீனா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“ப்பா, வூட்ட மாத்த வேணாம். அட்வான்ஸ்ல ரெண்டு மாசம் புடிச்சிப்பாங்கன்னு அம்மா சொல்லிச்சி. அடுத்த மாசம் ஸ்டடி லீவு உட்ருவாங்க. ராத்திரி எப்பிடியும் தூக்கம் வராதில்ல, அப்ப ஒக்காந்து படிச்சிக்கிறேன். பகல்ல உன்கூடவே தூங்கிக்கிறேன். பழகிடும்ப்பா.”

பழகிடும். இந்த வார்த்தையைத்தான் அவன் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் யாரோ அவனிடமும் சொன்னார்கள். பதினான்கு வருஷம் ஆகியும் பழகவில்லை. பதினேழு வயசுப் பிள்ளையை, மாசம் பதின்மூன்றாயிரம் கொடுத்து, தன் கையாலேயே நைட் ஷிப்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையின் தலையில் கையை வைத்து, “வேணாம்மா, நீ ராத்திரிலதான் தூங்கணும்” என்றான்.

உடனே வசந்தகுமாருக்குப் போன் போட்டான்.

“ரெண்டு மாசம் அட்வான்ஸு போயிடும்ணா” என்றான் புரோக்கர்.

“போவட்டும்.”

“எந்த மாதிரி வூடு பாக்கட்டும்? வழக்கம் போல பகல்ல சத்தம் இல்லாம…”

“பகல்ல எப்பிடி இருந்தாலும் பரவால்ல. ராத்திரி சத்தம் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான்.”

அவன் போனை வைத்தான். இதையெல்லாம் கேட்டபடி வாசற்படியில் நின்றிருந்த கலைமணி அவன் கையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப நீ எப்பத் தூங்குவ?” என்றாள்.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கோதண்டம் யூனிபார்ம் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.