பாகூர் கண் முகாமில் எல்லோரும் பாஸ்

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். இலவசம் என்று யாராவது சொன்னால் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். போன ஜூலையில் பாகூரிலிருந்து தங்கை செல்வி கூப்பிட்டாள். அவள் மகள் திவ்யா எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதைப் பாதிகூட எழுதிவருவதில்லை, கேட்டால் தலைவலியாம். "படிப்பு ஏறல, இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்" என்று அவள் அப்பா முடிவே செய்துவிட்டார். கண்ணைக் காட்டினாயா என்றேன். "போன வருஷ முகாம்லயே கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கூல்ல முகாம். நீ வந்து அவள ரெண்டு திட்டு திட்டு, உனக்குத்தான் பயப்படுவா" என்றாள்.

புதுச்சேரியில் எட்டேகாலுக்குக் கடலூர் பேருந்து ஏறினேன். பாகூருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். நேராகப் போகும் பேருந்தும் உண்டு, அன்று எனக்கு வாய்க்கவில்லை. கன்னியக்கோயிலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்; நூறு ரூபாய். வண்டி திடீரென்று ஏரிப் பக்கம் திரும்பியதும் போனில் வரைபடத்தைத் திறந்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், நான் உங்களக் கடத்திக்கினா போறேன்? கடைத்தெருவுல பைப்புக்குப் பள்ளம் தோண்டி வச்சிருக்கான்." உண்மையாகத்தான் தோண்டியிருந்தார்கள். அதையும் இறங்கியபின் நடந்துபோய்ப் பார்த்துக்கொண்டேன்.

முகாம் ஒரு வகுப்பறையில் நடந்தது. செல்வியும் வந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் கட்டத்தான் வந்திருப்பார்கள் என்று மேசைக்கு அடியில்கூட எட்டிப் பார்த்தேன். பிரேம் பெட்டி ஒன்றும் இல்லை. பரிசோதிக்கும் பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள், பாவம், தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. வெளியே மழை. அதனால் வரிசை அறைக்குள்ளேயே சுவரோரம், எழுத்து அட்டையைப் பார்த்தபடி நின்றது. முன்னால் நிற்கும் பிள்ளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு "ட, ப, ம" என்று உரக்கச் சொல்ல, வரிசை முழுவதும் கூடவே முணுமுணுத்தது. அங்கே வகுப்பில் ஒருவர் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சொல்வது வழக்கம். வாய்ப்பாடு கேட்கிற மாதிரியே இருந்தது. ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்குமா கண்ணில் குறை இருக்காது?

திவ்யாவின் முறை வந்தது. கடைசிப் பொடி எழுத்துவரை கடகடவென்று சொன்னாள். அப்படியானால் தலைவலி நடிப்புதான், படிக்கச் சோம்பல்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டுவதற்காகக் கிட்டே போனபோதுதான் கவனித்தேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்திலிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராகப் போய் அட்டையைத் திருப்பி மாட்டினேன். "மேடம், இன்னா பண்றீங்க?" என்றாள் அந்தப் பெண். பேசாதே என்று சைகை காட்டிவிட்டு, "திவ்யா, இன்னொரு தடவை படி" என்றேன். வெறும் வெள்ளை முதுகைப் பார்த்து அவள் மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

"அட்டையில எழுத்து தெரிஞ்சுதாடி?"

"இன்னா பெரிம்மா, படின்னா மனப்பாடமா சொல்றதுதானே? எல்லாரும் அப்பிடித்தானே சொல்றாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரிசையைத் தாழ்வாரத்துக்கு அனுப்பி, வேறு அட்டை மாட்டினார்கள். திவ்யாவால் முதல் பெரிய எழுத்தைத் தாண்ட முடியவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களிலும் சிலர் விழித்தார்கள். செல்வி அங்கேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நிறுத்தறேன்னு இன்னொரு வாட்டி சொல்லிப் பாரு" என்று கத்தினாள்.

முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் தயவுசெய்து என்னைப்போல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வரிசை அறைக்கு வெளியே நிற்கட்டும். எழுத்துகளைக் கீழிருந்து மேலாகக் கேட்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் எட்டிப் பார்க்கிறார்களா என்றும் பாருங்கள். போன வருடம் நன்றாக இருந்தது என்பதை நம்பாதீர்கள். ஏரியைப் பார்க்க விரும்பினால் சாயங்காலம் போங்கள், திரும்பும் பேருந்து நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பும் முன் அந்தப் பெண் சோதனைக் கண்ணாடியில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு திவ்யாவின் மூக்கில் மாட்டினாள். திவ்யா கரும்பலகையைப் பார்த்தாள். முந்தின நாள் கணக்கு அழிக்காமல் கிடந்தது. வாய்க்குள் அதைப் படித்தாள். பிறகு தன் பெஞ்சுத் தோழி ஜெசிந்தாவிடம் திரும்பினாள்.

"ஏய், போர்டு உனக்கு தெனமும் இப்பிடித்தான் தெரியுதா?"

"ஆமாடி."

திவ்யாவின் முகம் கோபத்தில் சிவந்துவிட்டது.

"அப்போ இத்தினி நாளா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"