உயிரோடு இருந்தவருக்கு நான் அனுப்பிய இரங்கல்

சென்ற மாதம் ஒருநாள் காலை, டிவியில் கீழே ஓடிய செய்தியில் ‘கிருஷ்ணமூர்த்தி காலமானார்’ என்ற கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என் கண்ணில் பட்டன. என் மகளுக்கு வயலின் சொல்லித்தரும் மயிலாப்பூர் வித்வானின் பெயரும் அதுதான். பதறிப்போய் அவர் படத்துடன் இரங்கல் எழுதி, சங்கீத ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ரோஜா மாலை வாங்கிக்கொண்டு மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

வித்வான் வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

“இன்னா மேடம், சாவு வூடுன்னு சொன்னீங்க, ஒருத்தரையும் காணோமே” என்றார் ஆட்டோக்காரர்.

உள்ளே வித்வானின் மனைவி, வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அழாதேடி, அப்பா ஆத்துலதான் இருக்கார். இதோ காபி குடிச்சுண்டு இருக்கார்.”

அங்கே ஓடிய டிவியைப் பார்த்த பிறகுதான், இறந்தவர் அதே பெயர்கொண்ட நாடக நடிகர் என்று புரிந்தது. மாலையை முந்தானையில் மறைத்தபடி, செய்தியை அனுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேம்மா. நானே போனை எடுத்து, உயிரோடதான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன்” என்றார் வித்வான்.

குழுவில் அழித்தும் பயனில்லை. அதற்குள் பல குழுக்களுக்குப் போய்விட்டது. அன்று முழுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுத்தும், ‘ஆழ்ந்த இரங்கல்’ நின்றபாடில்லை. மறுநாள் கல்யாணக் கச்சேரிக்கு அவரை அழைத்திருந்தவர்கள் வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். என் மீதே எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

இப்போது யார் மறைந்ததாகச் செய்தி வந்தாலும், இனிஷியலையும் தொழிலையும் பார்த்து, அந்த வீட்டுக்கு நெருக்கமானவரிடம் விசாரித்த பிறகே ஒரு வரி எழுதுகிறேன். அந்தக் கச்சேரியை மட்டும் என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.