ஆர்வம் உண்டு

தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, தொண்டையைச் செருமி, எதிரே இருக்கும் தடுப்புப் பலகையைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறப்பாள். சிரிப்பு குரலில் தெரியுமாம். "பல்லைக் காட்டினாத்தான் கேக்கறவங்க காதுக்கு இதமா இருக்கும்" என்பது அவள் கட்சி. ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் இப்படிப் பல்லைக் காட்டுகிறாள். ஒருவரும் பார்த்ததில்லை.

வேலை இதுதான். ஒரு கம்பெனியின் மின்சாரக் காருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் போனில் கூப்பிட்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். டயல் செய்வது கம்ப்யூட்டர்; எண் அவள் கண்ணில் படாது. பேசி முடித்ததும் திரையில் 'ஆர்வம் உண்டு', 'ஆர்வம் இல்லை' என்று இரண்டு கட்டங்கள் வரும். 'இல்லை'யை அழுத்தினால் அந்த ஆள் பட்டியலைவிட்டே போய்விடுவார். அவர் எண் அதற்குப் பிறகு வராது.

கம்பெனியோ ஒரு நிலையில் நிற்கிற ரகமில்லை. இரண்டே வருடத்தில் எல்லாம் மின்சாரம் என்றார்கள். அப்புறம் பெட்ரோலும் மின்சாரமும் கலந்தது என்றார்கள். அப்புறம், இல்லையில்லை, மின்சாரம்தான், ஆனால் சின்ன வண்டி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் வாசகம் மாறும். அவள் அதே குரலில் படிப்பாள். போன தடவை வேறு சொன்னீர்களே என்று யாராவது மடக்கினால், "அது அன்னிக்கு எழுதிக் கொடுத்தது சார், இது இன்னிக்குக் கொடுத்தது. எதுக்கும் மறுபடி கூப்பிடறேன்" என்பாள். பக்கத்து இருக்கைப் பெண்கள் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வயது ஐம்பத்தொன்று. ஒண்டிக்கட்டை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து போன் வரும். "அப்புறம்மா?" என்பாள் மகள். "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்பாள் இவள். மூன்று அப்புறத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் வேலை முடிந்து அறைக்குள் நுழைந்தால், மறுநாள் காலை வரை அவள் வாய்க்கு வேலையே இல்லை. அது அவளுக்குப் பெரிய கஷ்டம்தான். யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய பட்டியலில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை அவர் முறை வரும். மனைவிக்குப் பெட்ரோல் வாடை ஆகாது, காரில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டும் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன்பு பதிவு செய்திருக்கிறார். மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இதை அவர் சொன்னதே நாலாவது தடவை பேசியபோதுதான். கண்ணும் மங்கிவிட்டதால் இனி வண்டி ஓட்ட முடியாதாம். நியாயமாக அன்றைக்கே 'இல்லை'யை அழுத்தியிருக்க வேண்டும். விரல் வரவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யார் யார் எப்படிக் கத்துவார்கள் என்று அவர் சொல்ல, இவள் சிரிக்க, ஒரு ஆளுக்கென்று ஒதுக்கிய நாலு நிமிடம் தாண்டியதும் திரை சிவந்துவிடும். ஆர்வம் உண்டு என்று போட்டுக்கொள்வதாகச் சொல்வாள். "போட்டுக்கோம்மா" என்பார். இருபது மாதம் இப்படியே போட்டாயிற்று. மேலே இருப்பவர்கள் இதையும் கூட்டிக்கொண்டுதான் மக்களின் தேவை என்று வரைபடத்தில் கோடு இழுத்திருப்பார்கள், பாவம்.

போன வெள்ளிக்கிழமை வாசகம் கடைசியாக மாறியது. மின்சாரக் கார் வராது, பட்டியலை மூடுகிறோம். கட்டமும் ஒன்றே ஒன்றுதான்: 'தகவல் சொல்லியாயிற்று'. மதியம் அவர் முறை வந்தது. எழுதியிருந்ததை அப்படியே படித்தாள்.

வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்போ இனிமே நீ கூப்பிட மாட்டியாம்மா?" என்றார்.

"கம்ப்யூட்டர்தான் சார் கூப்பிடுது. உங்க நம்பர் எனக்குத் தெரியாது."

"நான் சொல்றேன், எழுதிக்கோ."

அந்தக் கூடத்துக்குள் பேனா, தாள், செல்போன் எதுவும் கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றையும் வாசலில் உள்ள பெட்டிகளில் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். வாடிக்கையாளர் எண்ணை எடுத்துக்கொண்டது தெரிந்தால் வேலை போய்விடும். பேசுவதெல்லாம் வேறு பதிவாகிக்கொண்டிருந்தது. அவள், "சொல்லுங்க" என்றாள். அவர் ஒவ்வொரு எண்ணாக நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

இடைவேளைக்கு இன்னும் நேரமிருந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்து இருக்கைப் பெண், எங்கே கிளம்பிவிட்டீர்கள் அக்கா என்று கேட்டாள். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டே, யாரும் பேசாதீர்கள் என்று ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, அவள் வாசல் பெட்டிகளைப் பார்த்து நடந்தாள்.