போன் வராத ரோஜா நகர்

1. எல்லைக்கு அடையாளம்

போலீஸ் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்த முதல் நாள், அங்கே இருந்த ஏ.எஸ்.ஐ. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இன்னா நடந்துச்சுன்னு அப்புறம் கேளும்மா. எங்கன்னு மொதல்ல கேளு. லைன் கட்டாயிட்டா இடம் மட்டும் தெரிஞ்சா போதும், வண்டி அனுப்பிடலாம்."

அதற்கு முன் பல வருடம் நான் ஸ்டேஷன் டியூட்டி பார்த்தவள். பந்தோபஸ்தில் முட்டி கெட்டுப்போனதால் ஹெட் கான்ஸ்டபிளாக இந்த நாற்காலிக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை அதே நாற்காலிதான்.

இடம் கேட்பது சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். புதுச்சேரியில் அப்படி இல்லை. ஒரு தெரு நம்முடையதாக இருக்கும். அடுத்த தெரு தமிழ்நாடு. அதைத் தாண்டிய சவுக்குத் தோப்பு மறுபடி நம்முடையது. செல்போன் டவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அங்கே அடிக்கிற போன் இங்கே விழும், இங்கே அடிக்கிறது அங்கே போய்விடும். போதாததற்கு, வயலை பிளாட் போட்டு விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பெயர்தான் வைக்கிறார்கள். ரோஜா நகர் என்று இரண்டு இருந்தன (பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்). உழவர்கரைப் பக்கம், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒன்று. அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் தமிழ்நாட்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கு அடையாளம், ரோட்டோரத்தில் இருந்த ஒரு பிராந்திக் கடை.

2. ஷமீமாவின் போன்

மதியச் சாப்பாடு முடிந்து அலுப்பாக இருந்த நேரம். ஒரு பெண் குரல், கிசுகிசுவென்று.

"மேடம், பக்கத்து வூட்டு பூட்ட ஒடைக்கிறாங்க மேடம்."

"எந்த இடம்மா?"

"ரோஜா நகர்."

"பிராந்திக் கடைக்கு முன்னாடியா, தாண்டியா?"

"முன்னாடி. டவுன்லேர்ந்து வந்தா முன்னாடி. மூணாவது தெரு, கடைசி வூடு எங்களுது. அதுக்கு முன்ன வூடுதான்."

நம் எல்லை. மைக்கில் பேட்ரோல் வண்டிக்குச் சொன்னேன். வண்டி கிளம்பிவிட்டது. பிறகுதான் அவளிடம் விவரம் கேட்டேன். பெயர் ஷமீமா. கணவருக்குப் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடை. டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடிவந்தவர்கள். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் துணிக்கு ஆரி வேலை செய்கிறாள். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது கம்பியால் நெம்புகிற சத்தம் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஒருவன் வாசலில் பைக்கோடு நிற்கிறான். கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே இன்னொருவன்.

"நீங்க கதவ தாழ் போட்டுட்டு உள்ளயே இருங்க. வண்டி வருது," என்றேன்.

வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. டிரைவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். வேறு வண்டி எதுவும் பக்கத்தில் இல்லை. சரி, வீட்டில் ஆள் இல்லை, போனால் பொருள்தானே போகும் என்று நான் நினைத்தேன்.

அப்போது அவள், "மேடம், அந்த வூட்டு பாப்பா வர்ற நேரம்," என்றாள்.

"எந்தப் பாப்பா?"

"நித்யா. எட்டாவது படிக்கிது. அம்மா நர்ஸு, அப்பா தட்டாஞ்சாவடி கம்பெனில சூப்பர்வைசர். ரெண்டு பேரும் இல்ல. பாப்பாகிட்ட தனியா சாவி இருக்கு. ஸ்கூல் வேன் மெயின் ரோட்டுல எறக்கி வுடும். அது பாட்டுக்கு நடந்து வந்து உள்ள போயிடும் மேடம்."

"அவங்க அம்மாவுக்கு போன் பண்ணீங்களா?"

"எடுக்கல. டியூட்டில எடுக்க மாட்டாங்க."

போன் செய்பவரை ஆபத்தில் தள்ளக் கூடாது என்பது எங்களுக்கு உள்ள விதி. ஷமீமாவை வெளியே போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போகாதே என்று சொன்னால் அந்தப் பெண் குழந்தை நேராகத் திருடன் முன்னால் போய் நிற்கும். நான் கேட் திறந்துவிட்டதா என்று வயர்லெஸ்ஸில் இன்னொரு தரம் கேட்டேன். இல்லை என்றார்கள்.

"நான் போறேன்க்கா," என்றாள் ஷமீமா. அதுவரை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன கட் பண்ணல. கைல வெச்சிருக்கேன். கேட்டுக்கினு இருங்க."

கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். பிறகு கொஞ்சம் தள்ளி ஓர் ஆண் குரல்.

"ஏம்மா, இங்க கார்த்தி வூடு எது?"

"தெரியாதுப்பா. நாங்க புதுசு." அவள் குரல் நடுங்கவில்லை. கடைக்குக் கிளம்பியவள் போலத்தான் இருந்தது. செருப்புச் சத்தம் ஒரே சீராகத் தொடர்ந்தது. ஓடவில்லை.

வெகு நேரம் கழித்து ஸ்கூல் வேன் சத்தம், பிள்ளைகள் கத்தும் சத்தம் எல்லாம் கேட்டது.

"நித்யா, வூட்டுக்குப் போவாத. என்கூட வா."

"ஏன் ஆன்ட்டி? அம்மாக்கு எதுனா ஆயிடுச்சா?"

"அம்மாக்கு ஒண்ணும் இல்ல. கேள்வி கேக்காத, நட."

மெயின் ரோட்டு மளிகைக் கடைக்குள் இருவரும் போய் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்ன பிறகுதான் நான் லைனை விட்டேன்.

3. வாசலில் நின்ற ஜீப்

வண்டி போய்ச் சேர்ந்தபோது வீடு காலி. பீரோவில் இருந்த நகையோடு இரண்டு பேரும் தோப்பு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்த விஷயம்.

ஜீப் திருட்டுப் போன வீட்டின் முன் நிற்கவில்லை. ஷமீமாவின் வாசலில் போய் நின்றது. அப்போதுதான் நித்யாவைக் கூட்டிக்கொண்டு அவள் வந்திருந்தாள். நம் கான்ஸ்டபிள் ஒருவர் இறங்கி, தெருவே கேட்கும்படி, "நூறுக்குப் போன் பண்ணது யாரு? ஷமீமாவா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யார் தகவல் கொடுத்தார்களோ அவர்களை முதலில் பார்ப்பதுதான் வழக்கம். அவள் பெயரையும் வீட்டையும் மைக்கில் சொன்னவளும் நான்தான்.

சாயங்காலம் நித்யாவின் அப்பா வந்தார். மகள் முழுசாக இருக்கிறாள் என்ற நிம்மதி அன்றைக்கு ராத்திரி வரை இருந்திருக்கும். மறுநாள் ஸ்டேஷனில் அவர் சொன்னது வேறு.

"அரை மணி நேரம் ஜன்னல் வழியா பாத்துக்கினு இருந்திருக்கா சார். ஒரு சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நாலு பேரு ஓடி வந்திருப்பான். அவன் கிட்ட வந்து பேசினான்னு அவளே சொல்றா. இன்னா பேசினான்னு யாருக்குத் தெரியும்? குடிவந்து ஆறு மாசம்கூட ஆவல."

எழுத்திலும் கொடுத்துவிட்டார். ஷமீமாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கணவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வரவேண்டியிருந்தது. ஒரு தடவை ஜீப்பே போய்க் கூட்டிவந்தது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கன்ட்ரோல் ரூமில் ஒரு போனை வைத்தால் அடுத்த போன். முடிவு என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் காலையில் நூறுக்கு வந்த அழைப்பை எடுத்தேன்.

"அக்கா, நீங்கதானா? நான் ஷமீமா. அவசரம் இல்லக்கா, கட் பண்ணிடாதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"நான் அன்னிக்கி போன் பண்ணது தப்பா?"

"தப்பு இல்லம்மா."

"அப்புறம் ஏன் என்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு வெச்சிக் கேக்குறாங்க?"

"நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மோசமான ஆள் இல்லை.

"ஏட்டம்மா, பறிகொடுத்தவன் சந்தேகம்னு எழுதிக் குடுத்துட்டான். விசாரிக்காம வுட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க," என்றார்.

"விசாரிங்க சார், நான் வேணாங்கல. என்னையும் விசாரிங்க. அந்த நேரம் பூரா அவகூட லைன்ல இருந்தது நான்தான். அந்த ஆளு இன்னா கேட்டான், இவ இன்னா சொன்னா, எல்லாம் என் காதுல விழுந்தது."

அவர் ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டு என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். அதன் பிறகு ஷமீமாவைக் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, தமிழ்நாட்டுப் பக்கம் வேறொரு வீட்டில் அந்த இருவரும் பிடிபட்டார்கள். வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் என்று தெருத் தெருவாகப் போய், எந்த வீட்டில் பகலில் ஆள் இல்லை என்று பார்த்துவைத்துக்கொண்டு வருவார்களாம். ரோஜா நகரில் யாரோடும் அவர்களுக்குத் தொடர்பு இல்லை. நகையில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

அதற்குள் ஷமீமா குடும்பம் போய்விட்டது. போலீஸ் ஜீப் வந்து வந்து நிற்கிற வீடு எனக்கு வேண்டாம் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். செய்தி தெரிந்து நித்யாவின் அம்மா ஒரு டப்பாவில் இனிப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனாராம். கதவில் பூட்டு தொங்கியிருக்கிறது.

4. வெரி குட்

அடுத்த வருடம் ரிவ்யூ மீட்டிங். எந்த ஏரியாவிலிருந்து எத்தனை அழைப்பு, கூடியதா குறைந்ததா என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். ரோஜா நகருக்கு நேரே அநேகமாக ஒன்றுமே இல்லை.

"வெரி குட். அந்த ஏரியா கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு," என்றார் மேலதிகாரி. பேட்ரோல் வண்டியை அங்கிருந்து எடுத்து வேறு பக்கம் போடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

அந்த மாதமே ரோஜா நகரில் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம். பெண் போலீஸ் ஒருவர் இருக்கட்டும் என்று என்னை அனுப்பினார்கள். பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஷாமியானா. வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். ஊருக்குப் போவதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சர்வீஸ் என்று வருகிறவனைத் தனியாக இருக்கும்போது உள்ளே விடாதீர்கள். சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வைக்காதீர்கள். நடைப்பயிற்சிக்குப் போனால் வண்டிகளுக்கு எதிர்த்திசையில் நடங்கள், பின்னால் வந்து செயினை அறுக்க முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பழைய மில் தொழிலாளி ஒருவர் எழுந்தார்.

"என் போர் மோட்டார அவுத்துக்கினு போயிட்டாம்மா. போன மாசம்."

"ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"எதுக்கு சொல்லணும்?"

அவர் ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவருக்குக் கேஸ் சிலிண்டர் போயிருந்தது. ஒரு பெண்ணின் கழுத்தில் செயினை இழுத்திருக்கிறார்கள். தழும்பைக் காட்டினாள். அவளும் போன் செய்யவில்லை.

"ஏங்க, நூறுக்கு ஒரு போன் போட்டா வரப்போறோம்," என்றேன்.

"வருவீங்க," என்றார் மில் தொழிலாளி. "போன் பண்ண அந்தப் பொம்பளைய இன்னா பாடு படுத்தினீங்கன்னு நாங்க பாத்தோமே. புள்ளைய காப்பாத்துனதுக்கே அந்தக் கதின்னா, மோட்டாருக்கு நான் அலையணுமா?"

நித்யாவின் அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் மேலதிகாரியைப் பார்த்தேன். "சார், அங்க திருட்டு குறையல. போன்தான் குறைஞ்சிருக்கு."

"அப்ப மேல இன்னான்னு ரிப்போர்ட் குடுக்கச் சொல்றீங்க?" என்றார் எரிச்சலோடு. ஆனால் யோசிக்கிறவர். வாரக் கடைசிக்குள் ஓர் உத்தரவு போட்டார். தகவல் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. வண்டி அவர் வாசலில் நிற்கக் கூடாது. பேசவேண்டியிருந்தால் போனில் பேச வேண்டும், அல்லது யூனிஃபார்ம் இல்லாமல் போக வேண்டும். உத்தரவு எல்லா நாளும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நடந்தது. அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. தன் போன் நம்பரை ரோஜா நகர் மளிகைக் கடையில் எழுதி ஒட்டினார்.

கொஞ்சம் கொஞ்சமாக அங்கிருந்து போன் வர ஆரம்பித்தது. பாம்பு வந்தது, குடித்துவிட்டுத் தகராறு, நம்பர் இல்லாத பைக் ஒன்று சுற்றுகிறது என்று. அடுத்த ரிவ்யூவில் எண்ணிக்கை ஏறியிருந்தது. "மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?" என்று மேலதிகாரி என்னைப் பார்த்தார்.

"நம்பி போன் பண்றாங்க சார்," என்றேன்.

இன்றைக்கும் மனை வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து, அந்த ஏரியாவில் க்ரைம் எப்படி, கம்மியா, அதிகமா என்று கேட்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் என்பேன். அங்கே கண்ணில் பட்டதைச் சொல்ல ஆள் இருக்கிறதா, சொன்ன ஆளை அக்கம்பக்கமும் போலீஸும் எப்படி நடத்தினார்கள் என்று விசாரியுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதுதான். திருடனைப் பிடிப்பது ஸ்டேஷன் வேலை. போன் செய்தவர் அதற்காக வருத்தப்படாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு பகலில் ரோஜா நகரிலிருந்து ஓர் அழைப்பு. மூன்றாவது தெரு, ஆண் குரல்.

"மேடம், எதிர் வூட்டு மாடில ஒரு ஆளு ஏறுறான். அங்க வயசான அம்மா மட்டும்தான் இருக்காங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கி, "மேடம், என் பேரு வெளிய வராதுல்ல?" என்றார்.

கூட்டத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த நித்யாவின் அப்பாவுக்கும் அதே தெருதான்; அவராக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

"வராதுங்க," என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்தேன்.